உங்களுக்குத் தெரியுமா? ஐப்பசியில் இறங்கும் அபூர்வ விருந்தாளிகள்!

வடக்கே குளிர் எட்டிப் பார்த்ததும் பறவைகள் கிளம்பிவிடும். சில சரியான ஊருக்குப் போய்ச் சேரும். சில வழிதவறி எங்கோ இறங்கும். அந்த வழிதவறிய ஒற்றைப் பறவையைப் பார்க்க மனிதர்கள் கப்பல் ஏறுகிறார்கள், விமானம் பிடிக்கிறார்கள், ஆபீசுக்கு லீவு போடுகிறார்கள்! தேடித் தேடிச் சேர்த்த சரக்கு இதோ. படியுங்கள், அசந்து போவீர்கள்!

நிற்காமல் பறந்தவர்கள்

அலாஸ்காவில் கிளம்பிய ஒரு பட்டைவால் மூக்கன், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில்தான் தரையைத் தொட்டது. நடுவில் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. 2022 அக்டோபரில் 11 நாட்களில் அது கடந்த தூரம் 13,560 கிலோமீட்டர்!

பழம் தின்று கொட்டை போட்ட பறவை என்று நினைத்தீர்களா? அதற்கு வயது வெறும் 5 மாதம்! அதுதான் அதன் முதல் பயணம்!

நடுவே கடலில் இறங்கி இளைப்பாறியிருக்குமோ? வாய்ப்பே இல்லை. மூக்கன் சேற்றுக்கரையில் இரை தேடும் பறவை. அலைமேல் மிதந்து ஓய்வெடுக்க அதற்குத் தெரியாது!

கிளம்பும் முன் மூக்கன் உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொள்கிறது. கூடவே குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்கிறது. வழியில்தான் சாப்பிடப் போவதில்லையே, வயிறு எதற்கு? போய்ச் சேர்ந்ததும் மறுபடி வளர்த்துக்கொள்ளும்!

ஆர்க்டிக் ஆலாவின் எடை சுமார் 100 கிராம். இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் கருவி கட்டிவிட்ட ஒரு ஆலா, தென்துருவக் கடல்வரை போய் மறுபடி அதே தீவுக்குத் திரும்பியது. மொத்தக் கணக்கு 96,000 கிலோமீட்டர்!

வட அமெரிக்காவின் பிளாக்போல் கதிர்க்குருவிக்கு எடை 12 கிராம். இலையுதிர் காலத்தில் அது அட்லாண்டிக் கடலுக்குமேல் இரண்டு மூன்று நாட்கள் இரவும் பகலும் பறக்கிறது. ஒரே மூச்சில் 2,700 கிலோமீட்டர்வரை!

செந்தொண்டை ஓசனிச்சிட்டு என்று ஒரு அமெரிக்கப் பொடியன். எடை நம் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான்! அது மெக்சிகோ வளைகுடாவை நிற்காமல் தாண்டுகிறது. தூரம் 800 கிலோமீட்டர்!

மங்கோலியாவில் 2019இல் கருவி கட்டப்பட்ட ஓனான் என்ற குயில், இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவரை போனது. மறு ஆண்டு பத்திரமாக ஊர் திரும்பியது. 16 நாடுகள், 26,000 கிலோமீட்டர்! பாஸ்போர்ட் கிடையாது!

ஐரோப்பிய உழவாரக் குருவி கூட்டைவிட்டுக் கிளம்பினால் அடுத்த கூடுவரை வானமே வீடு. சில பறவைகள் தரையில் கால் வைக்காமலே பறந்த காலம் 10 மாதம்!

காலில் பி-95 என்ற அடையாளத்துடன் ஒரு சிவப்பு நாட் உள்ளான். 1995இல் அர்ஜென்டினாவில் அதற்கு முதலில் வளையம் கட்டிவிட்டார்கள். 2014இலும் அதைப் பார்த்தார்கள்! அதற்குள் நிலவுக்குப் போய்ப் பாதி வழி திரும்பும் தூரத்தைப் பறந்து முடித்திருந்தது. ஆராய்ச்சியாளர்கள் வைத்த செல்லப்பெயர் 'நிலாப் பறவை'!

வழிதவறி வந்த வி.ஐ.பி.கள்

மஞ்சள்புருவக் கதிர்க்குருவி சைபீரியாவில் பிறக்கிறது. குளிர்காலத்துக்குத் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டும். ஆனால் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சில, நேர் எதிர்த்திசையில் பிரிட்டனில் போய் இறங்குகின்றன! எடை சுமார் 6 கிராம். வழிதவறிய தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்!

ரிச்சர்டு நெட்டைக்காலி நம் நாட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் பறவை. அதே இனத்தில் சில மேற்கே திரும்பித் தென் பிரான்சுக்குப் போகின்றன. ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் போகின்றன என்று 2021இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். வழிதவறியதே வழியாகிவிட்டது!

2023 செப்டம்பரில் லீ புயலின் மிச்சம் அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டன் பக்கம் வந்தது. தனியாக வரவில்லை, அமெரிக்கக் கதிர்க்குருவிகளையும் அள்ளிக்கொண்டு வந்தது! வேல்சில் கனடா கதிர்க்குருவி இறங்கியது. பிரிட்டன் வரலாற்றில் அதுவே முதல் முறை!

கிழக்கு ரஷ்யாவில் வாழும் ஸ்டெல்லர் கடற்கழுகு ஒன்று 2020இல் அலாஸ்காவின் உட்பகுதியில் தென்பட்டது. 2021 மார்ச்சில் டெக்சாஸ். அதே ஆண்டு நவம்பரில் கனடாவின் நோவா ஸ்கோஷியா. டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்! போன இடமெல்லாம் கேமராவோடு கூட்டம்!

பொன்சிறகுக் கதிர்க்குருவி என்ற அமெரிக்கப் பறவை 1989இல் இங்கிலாந்தில் எங்கே வந்தது தெரியுமா? கென்ட் பகுதியில், ஒரு சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்துமிடத்துக்கு! சாமான் வாங்க வந்தவர்கள் வண்டி நிறுத்த இடமில்லாமல் தவித்தார்கள். பறவையைப் பார்க்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கில்!

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டந்தோறும் திரிகிற பறவை ராபின். அங்கே அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே ராபின் ஒன்று 2019 ஜனவரியில் பெய்ஜிங் உயிரியல் பூங்காவுக்கு வழிதவறி வந்தது. ஒற்றைக் குருவியைச் சுற்றிக் கேமரா முக்காலிகளோடு பெருங்கூட்டம்!

பறவைப் பித்தர்கள்

ஃபேர் தீவு ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடல் நடுவே கிடக்கிறது. நீளம் சுமார் 5 கிலோமீட்டர். மக்கள் 60 பேர்கூட இல்லை. அங்கே பதிவான பறவை இனங்களோ 380க்கும் மேல்!

அந்தத் தீவில் பறவை ஆய்வு நிலையம் அமைக்கும் திட்டம் எங்கே பிறந்தது தெரியுமா? இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானியர் பிடியில் போர்க்கைதியாக இருந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் தீட்டிய திட்டம் அது! விடுதலையானார். தீவையே விலைக்கு வாங்கினார். 1948இல் நிலையத்தைத் திறந்தும் காட்டினார்!

2019 மார்ச்சில் அந்த நிலையக் கட்டடம் தீயில் எரிந்து சாம்பலானது. விட்டுவிடுவார்களா? மறுபடி கட்டி 2025இல் திறந்துவிட்டார்கள்!

சில்லித் தீவுகள், கார்ன்வால் கரையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். 1980களில் அக்டோபர் பிறந்தால் பறவைப் பித்தர்கள் அங்கே நூற்றுக்கணக்கில் குவிந்தார்கள். செல்போன் இல்லாத காலம். கையில் சி.பி. ரேடியோ! ஒருவர் கண்ணில் பட்டால் போதும், தீவு முழுக்கத் தகவல் பறக்கும்!

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் கிளே என்று ஒரு கிராமம். அங்கே நான்சியின் காபிக்கடை. கடைக்குள் ஒரு டெலிபோன். அதுதான் 1970களிலும் 1980களிலும் நாட்டின் பறவைச் செய்தி நிலையம்!

போன் அடித்தால் எடுப்பது யார்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான்! வாயில் ரொட்டி, காதில் ரிசீவர், கண் குறிப்பேட்டில். எந்த ஊரில் எந்தப் பறவை இறங்கியிருக்கிறது என்று வாசித்துக் காட்டுவார். ரிசீவரை வைப்பார். ரொட்டியை இன்னொரு கடி கடிப்பதற்குள் மறுபடி மணி அடிக்கும்!

1988இல் கடையை மூடிவிட்டார்கள். பறவை ரசிகர்கள் இன்றைக்கும் அந்தக் காபிக்கடையைப் பற்றிப் பேசுகிறார்கள்!

ஷெட்லாண்ட் தீவுகளில் கிழக்குக் காற்று வீசினால் பறவைப் பித்தர்களுக்குக் கொண்டாட்டம். சைபீரியப் பறவைகள் வந்து இறங்கும்! சில்லித் தீவுகளில் மேற்குப் புயல் அடித்தால் கொண்டாட்டம். அமெரிக்கப் பறவைகள் வந்து இறங்கும்! ஊரே கதவைச் சாத்தும்போது இவர்கள் பைனாகுலரோடு வெளியே ஓடுவார்கள்!

போர்ச்சுக்கலின் அசோரஸ் கூட்டத்தில் குட்டித் தீவு கோர்வோ. ஒரே ஒரு ஊர். மக்கள் 400க்கும் குறைவு. அட்லாண்டிக் நடுவே தொலைந்து போன அமெரிக்கப் பறவைகளுக்கு அதுதான் முதல் கரை. அக்டோபரில் அந்தத் தீவுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் ஐரோப்பாவின் பல நாட்டுக்காரர்கள்!

அலாஸ்காவின் கேம்பல் கிராமத்தில் பறவை தேடும் இடம் எது தெரியுமா? எலும்புக் காடு! காலங்காலமாகத் திமிங்கிலத்தையும் வால்ரசையும் வேட்டையாடிய மக்கள் போட்ட எலும்புக் குவியல்கள் அவை. அந்த மண்ணில் தழைத்த செடிகளுக்குள் சைபீரியக் குருவிகள் ஒளிந்துகொள்கின்றன!

அதே கேம்பலில், வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால் ரஷ்ய மலைகள் தெரியும். நடுவில் உள்ள தூரம் சுமார் 60 கிலோமீட்டர்தான்!

ஜெர்மனியின் ஹெலிகோலாந்து முதன்மைத் தீவின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்! அந்தத் துண்டு நிலத்தில் பதிவான பறவை இனங்கள் 400க்கும் மேல்!

அங்கே ஓவியம் வரையப் போனவர் ஹைன்ரிஷ் கேட்கே. பறவைகளைப் பார்த்தார். தீவைவிட்டு வர மனமில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே தங்கிவிட்டார். 1891இல் அவர் எழுதிய புத்தகம் வெளியானது!

வானத்தில் ஒரு நதி

மெக்சிகோவின் வெராகுரூஸ் வானத்தில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கழுகுகளும் பருந்துகளும் ஆறாக ஓடுகின்றன. எண்ணிக்கை 40 லட்சத்துக்கும் மேல்!

எண்ணுகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள்? கார்டெல் என்ற ஊரில், ஒரு ஓட்டலின் மொட்டை மாடியில்! கையில் எண்ணும் கருவி, தலைக்குமேல் பருந்து வெள்ளம்!

கருங்கடல் ஓரம் ஜார்ஜியாவின் பதூமி. ஒருபுறம் கடல், ஒருபுறம் மலை. நடுவே உள்ள குறுகிய வழியில் இலையுதிர் காலத்தில் கடக்கும் இரைகொல்லிப் பறவைகள் 10 லட்சத்துக்கும் மேல்!

அமெரிக்காவின் ஹாக் மவுண்டன் ஒரு காலத்தில் பருந்துகளின் கொலைக்களம். பொழுதுபோக்குக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்தார். வேட்டை அன்றோடு முடிந்தது! இரைகொல்லிப் பறவைகளுக்கான உலகின் முதல் சரணாலயம் அதுதான்!

ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' பூச்சிக்கொல்லி உலகத்தையே ஆட்டிப் படைத்தது. அதில் அவர் எடுத்துக்காட்டிய கழுகுக் கணக்கு எங்கிருந்து வந்தது? இதே ஹாக் மவுண்டனில் உட்கார்ந்து எண்ணிய கணக்கு!

அந்தக் காலத்து நம்பிக்கைகள்

குளிர்காலத்தில் பறவைகள் எங்கே போகின்றன? அரிஸ்டாட்டில் சொன்ன பதில்: செவ்வாலன் குருவி ராபினாக உருமாறிவிடுகிறது!

17ஆம் நூற்றாண்டில் சார்லஸ் மார்ட்டன் என்ற ஆங்கிலேயர் ஒருபடி மேலே போனார். பறவைகள் நிலவுக்குப் போகின்றன என்றார். பயண நாட்களையும் கணக்குப் போட்டுச் சொன்னார். 60 நாள்!

1822இல் ஜெர்மனியில் ஒரு செங்கால் நாரையைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதன் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி குத்தி நின்றது! நீளம் சுமார் 80 சென்டிமீட்டர். ஈட்டியோடு ஐரோப்பாவரை பறந்து வந்திருக்கிறது! ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் பார்க்கலாம்!

பறவையின் காலில் வளையம் போட்டு ஆராயும் முறையைத் தொடங்கி வைத்தவர் டென்மார்க் பள்ளி ஆசிரியர் மார்ட்டன்சன். 1899இல் 165 பறவைகளுக்கு அலுமினிய வளையம் போட்டார். அத்தனையும் ஸ்டார்லிங் குருவிகள்!

1960களில் ஸ்டீஃபன் எம்லன் என்ற விஞ்ஞானி, குருவிகளைக் கோளரங்கத்துக்குள் கொண்டுபோனார். காலடியில் மைத்திண்டு, சுற்றிலும் காகிதம். செயற்கை நட்சத்திரங்களைப் பார்த்தே குருவிகள் திசை கண்டுபிடித்துத் தாவின. காகிதம் முழுக்கக் கால்தடம்!

நம்ம ஊர்ப் பக்கம்

இப்போது நம் பெருமைக்கு வருவோம்! வேலியிலும் முள்செடியிலும் உட்கார்ந்து கரகரவென்று கத்துமே பழுப்புக் கீச்சான், அது பிரிட்டனில் மகா அபூர்வம்! அங்கே அது முதன்முதலில் பதிவானது 1985இல். நமக்கு அது வருஷா வருஷம் வருகிற விருந்தாளி!

தோட்டத்துப் புதருக்குள் 'செக் செக்' என்று சத்தம் வரும், ஆளைப் பார்க்க முடியாது. அதுதான் பிளித் நாணல் கதிர்க்குருவி. ஷெட்லாண்டில் அதை ஒருவர் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவர்தான் ஹீரோ. உங்கள் வீட்டுச் செம்பருத்தியிலேயே இருக்கலாம்!

கொண்டலாத்தியைப் பாருங்கள். நமக்கு அது வயல்வெளிப் பறவை. இங்கிலாந்தில் ஒன்று புல்வெளியில் இறங்கினால் அக்கம்பக்கத்தார் கேமராவோடு வந்துவிடுவார்கள்!

சூறைக்குருவிகள் மத்திய ஆசியாவிலிருந்து வருகின்றன. சாயங்காலத்தில் கூட்டமாகச் சுழன்று வானத்தில் கோலம் போடும். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் இவற்றுக்கு மனிதர்களே கூடு கட்டித் தருகிறார்கள். வாடகை? வெட்டுக்கிளிகளைத் தின்று தீர்க்க வேண்டும்!

வாலாட்டி என்றால் வாலை மேலும் கீழும்தானே ஆட்டும்? கொடிக்கால் வாலாட்டி பக்கவாட்டில் ஆட்டும்! உடம்பும் சேர்ந்து ஆடும்! கிழக்கு ஆசியாவில் பிறந்து, குளிர்காலத்துக்கு நம் தோப்புகளைத் தேடி வருகிறது!

காலையிலும் மாலையிலும் ஆறு மணிவாக்கில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி! உடம்பில் பல வண்ணம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இலையுதிர் காலத்தில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறந்து களைத்து, நகரத்து வீட்டு வராந்தாவிலேயே இறங்குவதும் உண்டு!

வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது. கருவியில் பதிவான உயரம் 7,290 மீட்டர்! அப்படி மலை தாண்டி வருகிறவற்றில் சில எங்கே போகின்றன தெரியுமா? திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு!

கோடியக்கரைக்கு 1967இலேயே சரணாலயப் பெருமை. 2002இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம். கரண்டிமூக்கு உள்ளான் என்ற உலகின் அபூர்வப் பறவை 1980களில் அங்கே பதிவாகியிருக்கிறது. இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் அந்த உள்ளான் 1,000கூடத் தேறாது!

மன்னார் வளைகுடாவுக்கு வரும் நண்டுதின்னி உள்ளான், முட்டையிட மணலில் வளை தோண்டுகிறது. நண்டைத் தின்கிற பறவைக்கு நண்டின் புத்தி! மணலின் சூடே பாதி அடைகாத்துவிடும்!

காஷ்மீர் ஈப்பிடிப்பான் காஷ்மீரிலும் அதை ஒட்டிய மலைகளிலும் மட்டுமே குஞ்சு பொரிக்கிறது. இலையுதிர் காலத்தில் கிளம்பி மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வருகிறது. வெறும் 13 சென்டிமீட்டர் குருவி கடப்பது சுமார் 3,000 கிலோமீட்டர்!

அதைப் பார்க்க அடர்ந்த காட்டுக்குப் போக வேண்டாம். இலங்கையின் நுவரெலியா டவுனுக்குள் இருக்கும் விக்டோரியா பூங்காவில் டிக்கெட் வாங்கினால் போதும்! வெளியே பஸ் ஹாரன், உள்ளே பிள்ளைகள் விளையாட்டு. ஓரத்துச் சாக்கடைப் பக்கம் மட்டும் நாலு வெளிநாட்டுக்காரர்கள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். அழுகிய இலைகளைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பூங்குருவி. அதுவும் இமயமலையிலிருந்து வந்ததுதான்!

இலங்கையைத் தாண்டினால் நேர் தெற்கே அண்டார்டிகாவரை நிலமே இல்லை! மத்திய ஆசிய வான்வழியில் வருகிற பல பறவைகளுக்கு அதுதான் கடைசி ஸ்டாப்!

ஒரு கிராமம் மனம் மாறிய கதை

அமூர் வல்லூறின் எடை சுமார் 150 கிராம். கிழக்கு சைபீரியா, வட சீனாவிலிருந்து தென் ஆப்பிரிக்காவரை போகிறது. வழியில் அரபிக்கடலைத் தாண்டுகிறது. நிற்காமல் சுமார் 3,000 கிலோமீட்டர்!

நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் அக்டோபர் வாக்கில் அவை லட்சக்கணக்கில் இறங்கும். 2012இல் அங்கே வலை விரித்துக் கொன்றவை 1,20,000க்கும் மேல் என்பது மதிப்பீடு!

அடுத்த ஆண்டு, 2013இல், கொல்லப்பட்டவை எத்தனை? பூஜ்யம்! நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாங்தி கிராமத்தார் வலையை மடித்து வைத்தார்கள். இன்று அங்கே பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறார்கள்!

அந்த ஆண்டு மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி கட்டினார்கள். வைத்த பெயர்கள் நாகா, வோக்கா, பாங்தி. ஊர்ப்பெயர் ஆப்பிரிக்காவரை பறந்தது!

அதே அரபிக்கடலை ஒரு தட்டான் இனமும் தாண்டுகிறது! அக்டோபரில் மாலத்தீவில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். இந்தியா, ஆப்பிரிக்கா, மறுபடி இந்தியா. முழுச் சுற்றுக்கு நான்கு தலைமுறை தேவை. 14,000 கிலோமீட்டருக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்!

ராஜஸ்தானின் கீச்சன் கிராமத்துக்கு வருஷா வருஷம் குர்ஜா கொக்குகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றுக்குத் தினமும் தானியம் போடுகிறார்கள். 2025 ஜூனில் அந்த ஊருக்கு ராம்சார் அங்கீகாரம்!

விளக்கை அணையுங்கள்!

நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக வானத்தை நோக்கி ஒளித்தூண்கள் எழுப்புகிறார்கள். ஏழு ஆண்டுகளில் ஏழே இரவுகள். அந்த வெளிச்சத்தில் திசை குழம்பிய பறவைகள் சுமார் 11 லட்சம்!

இப்போது ஒளியில் 1,000 பறவைகளுக்கு மேல் சிக்கிச் சுழன்றால், விளக்கை 20 நிமிடம் அணைத்துவிடுகிறார்கள். பறவைகள் தப்பித்துப் பறந்துவிடுகின்றன!

2023 அக்டோபரில் சிகாகோவின் ஒரே கண்ணாடிக் கட்டடத்தில் மோதி, ஒரே இரவில் செத்த பறவைகள் ஏறத்தாழ 1,000! மறு ஆண்டு கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது!

அடுத்து உங்கள் முறை!

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, உலக வலசைப் பறவைகள் தினம். உலகம் முழுக்கப் பறவை ரசிகர்கள் ஒரே நாளில் எண்ணிக் கணக்குக் கொடுக்கும் 'அக்டோபர் பிக் டே' திருவிழாவும் அக்டோபரில்தான்!

கட்டணம் கிடையாது. கப்பல் டிக்கெட் வேண்டாம். 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை 'இ-பேர்டு' செயலியில் பதிந்தால் போதும்!

வெள்ளைக்காரர் லீவு போட்டு, கப்பல் ஏறி, மழையில் நனைந்து தேடுகிற அதே கீச்சான், உங்கள் ஊர் வேலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். நாளைக் காலையில் ஒருமுறை எட்டிப் பாருங்களேன்!